கஞ்சி போட்ட பிக்கப்

எழுபத்து நாலாம் வருஷம், வைகாசி மாசம், ஒரு திங்கட்கிழமை காலையில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதில்லை. சொந்த வண்டியில் போவேன். இல்லாவிட்டால் போகவே மாட்டேன். நாகேந்திரன் சொன்னால் சொன்னதுதான்!

சொன்னது வீட்டில். வீடு என்றால் கோமளவல்லி, என் சம்சாரம். பிறந்தது ஆந்திராவில், நகரி. வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம், திருத்தணி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு பவர்லூம் தறி. ஒன்றில் சேலை ஓடும். இன்னொன்றில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் காயம் கட்டுகிற துணி ஓடும். தறிகளுக்கு நான் முதலாளி, எனக்கு அவள் முதலாளி.

"இன்னா வண்டி?" என்றாள்.

"பிக்கப்பு."

"அப்பிடின்னா?"

"முன்னாடி காரு, பின்னாடி லாரி. மிஷன் ஆஸ்பத்திரியில வேப்பமரத்துக்குக் கீழ நிக்குது பாரு, அதான். அமெரிக்காக்காரன் செஞ்சது. நாப்பத்தேழாம் வருஷத்து மாடலு! விக்கப் போறாங்களாம். டிரைவர் வில்சன் நேத்து டீக்கடைக்கு வந்து எங்கிட்ட மட்டும் தனியா சொன்னான்."

"உங்ககிட்ட எதுக்குத் தனியா சொன்னாரு?"

"ஆளைப் பாத்துப் பேசறவன் அவன்."

நான் டீக்கடையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள். அது கரண்டு கட் காலம். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குப் போகும், ஆறு மணிக்கு வரும். தறி ஓடாது. முதலாளி மட்டும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? அரசாங்கமே பார்த்துக் கொடுத்த நாலு மணி நேர ஓய்வு. மரியாதையாக அதை டீக்கடையில் கழித்துவந்தேன்.

கோமளவல்லி முறத்தில் இருந்த அரிசியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "வேணாங்க. அதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது."

"ஏன் சரிப்படாது?"

"நகரியில எங்க தம்பி பட்டறையே வெச்சிருக்கிறான். இரும்புன்னா இன்னான்னு தெரிஞ்சவன். அவனே வண்டி வாங்கல. நீங்க போய்…"

அவ்வளவுதான். எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறிவிட்டது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பழகிவிட்டது. என் மச்சான் பரசுராமனோடு ஒப்பிட்டுச் சொல்லக் கூடாது. அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னா பாவா, சௌக்கியமா?" என்று கேட்கிற கேள்வியிலேயே ஒரு கிண்டல் இருக்கும். அன்று சாயங்காலமே மிஷனுக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன். முழுசாக. ஒரே தடவையில்.

மறுநாள் வண்டி வந்தது. ஊரே பார்த்தது! ஓட்டியது வில்சன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுவது என்ன பெரிய வித்தை, நாலு நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆரன் அடிக்கிற பொறுப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்து எட்டி எட்டி அடித்தேன். தாலுக்கா ஆபீஸ் முனையில் வில்சன் பிரேக் போட்டபோது, நானும் அனிச்சையாக என் பக்கத்தில் காலை ஊன்றினேன். கால் போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் செருப்பு தார் ரோட்டில் இருக்கிறது.

"வில்சன்! ரோடு தெரியுதுய்யா!"

"காலைத் தூக்குங்கண்ணே, வண்டி நவுருது."

"தரை எங்கய்யா போச்சு?"

"துரு பிடிச்சிருக்கும்ணே. வாராவாரம் உப்புக் கிணத்துத் தண்ணி ஊத்திக் கழுவினது. மேல வேற வேப்பிலை கொட்டி, நனைஞ்சு, அப்பிடியே ஊறிப்போச்சு. மத்தபடி இஞ்சின் தங்கம்ணே. பாடிதான் கொஞ்சம்…"

"கொஞ்சம் இன்னா?"

"கொஞ்சம்தான் இருக்குது."

வீட்டு வாசலில் வண்டி நின்றது. கோமளவல்லி இறங்கி வந்தாள். பெண் பார்க்க வந்த மாமியார் போல ஒரு சுற்றுச் சுற்றினாள். கதவின் அடிப்பக்கம் பச்சைப் பெயிண்டு கொப்புளித்து இருந்தது. அந்த இடத்தில் சுண்டுவிரலை வைத்து லேசாக அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்து, செம்மண் மாதிரி ஒட்டியிருந்த துருவை என் வேட்டியில் துடைத்தாள்.

"இது வண்டியா, சல்லடையா?"

"பழைய வண்டின்னா துரு இருக்கத்தான் செய்யும். எடுத்துடலாம்."

"எடுத்தா இன்னா மிச்சம் இருக்கும்?"

"கோமளம்! ஒரு ஓட்டை இல்லாம ஆக்கிக் காட்டறேன். அடுத்த கிருத்திகைக்கு மலையடிவாரத்துல வண்டிக்குப் பூசை போடறேன். ஊரே வந்து பாக்கட்டும்!"

"ஓட்டை இருந்தா?"

"இருந்தா வண்டி உன் இஷ்டம். விப்பியோ, வெட்டுவியோ, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"சாமி மேல ஆணையா?"

"ஆணையா! ஆனா ஓட்டை இல்லேன்னா? அப்ப வண்டி என் இஷ்டம். தறி பாக்க ஆள் போட்டுட்டு நான் பாட்டுக்கு மெட்ராசு, திருப்பதின்னு போய்கினே இருப்பேன். எங்க போறீங்க, எப்ப வருவீங்கன்னு ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது."

"ஆங். கேக்கல." யோசிக்கவே இல்லை, உடனே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. தோற்றுப்போனால் அவள் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடை போட்டு விற்றுவிடுவாள், அது எனக்குத் தெரியும். அதனால் தோற்பதாக இல்லை!

கிருத்திகைக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. முதலில் வெல்டிங் பட்டறைக்காரனைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் மட்காடைத் தட்டினான். கையில் இருந்த சின்னச் சுத்தியல் உள்ளே விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

"இரும்போட இரும்பைத்தான் ஒட்ட வெக்க முடியும், முதலாளி. இதுல இரும்பு எங்க இருக்குதுன்னு மொதல்ல காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போனால் போகட்டும்! நானே இறங்கினேன். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வருகிறது. வண்டிக்கு வராதா? அடுக்களையில் போய் உள்ளங்கை அளவு புளி எடுத்தேன். ஊறவைத்து, கதவில் அப்பி, தேங்காய் நாரால் தேய்த்தேன். ஆஹா! துரு கரைந்து ஓடியது. உள்ளே வெள்ளி மாதிரி இரும்பு. ஒரு நிமிஷம்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வில்சன் தெரிந்தான். அந்தப் பக்கம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, தேய்க்காதீங்க. அந்தத் துருதான் வண்டியைப் பிடிச்சுகினு இருந்துச்சு."

நான் கேட்பவனா? நாலு நாளில் இரண்டு கதவு, இரண்டு மட்காடு, ஃபுட்போர்டு எல்லாவற்றையும் தேய்த்து முடித்தேன். துரு சுத்தமாகப் போயிற்று. கூடவே கால்வாசி வண்டியும் போயிற்று. விரல் போன இடத்தில் இப்போது தலையே போகும். ஆனால் ஒரு பொட்டுத் துரு கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கோமளவல்லி கேட்டாள்: "டப்பாவுல வெச்ச புளி தினம் குறையுதுங்க. எலியா இருக்குமா?"

"எலிதான்."

"எலி புளி தின்னுமா?"

"திருத்தணி எலி எதையும் தின்னும்."

"பாவம், எட்டாத இடத்துல வெச்சா கஷ்டப்படும். இனிமே கீழ்த்தட்டுல வெக்கறேன்" என்று ரசத்தை ஊற்றினாள். சொன்னபடியே வைத்தாள். எவ்வளவு அப்பாவி என்று எனக்கு அவள்மேல் பரிதாபமே வந்தது.

துரு போயிற்று. ஓட்டை நிற்கிறது. ஓட்டையை எதை வைத்து அடைப்பது? இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். பாவு நூலுக்குப் போடுவதற்காகக் கோமளவல்லி பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். அதில் நனைந்த ஒரு துண்டுத் துணி கீழே விழுந்து, வெயிலில் காய்ந்து கிடந்தது. காலில் இடறியது. எடுத்தேன். தட்டினேன். டங் என்றது! வளைத்தேன். வளையவில்லை!

அட முட்டாளே! மூன்று தலைமுறையாக நெசவுக் குடும்பத்தில் பிறந்துவிட்டு வெல்டிங்காரன் பின்னால் அலைகிறாயே! நமக்குத் தெரிந்த வெல்டிங் கஞ்சி அல்லவா!

ஆஸ்பத்திரித் துணி தறியில் கெஜம் கெஜமாக இருந்தது. ஆஸ்பத்திரி வண்டியின் காயத்துக்கு ஆஸ்பத்திரித் துணியைக் கட்டுவதில் என்ன தப்பு? வெட்டினேன். கஞ்சியில் முக்கினேன். மூங்கில் பிளாச்சை வளைத்து மட்காடு மாதிரி கட்டி, அதன்மேல் ஒட்டினேன். ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஏழு பூச்சு! வைகாசி வெயில் பட்டு அது பலகையாகிவிட்டது. மேலே இரண்டு கை பச்சைப் பெயிண்டு. உள்பக்கத்துக்குப் பெயிண்டு போதவில்லை. உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

கரண்டு போகிற நாலு மணி நேரமும் இப்போது நான் டீக்கடைக்குப் போவதே இல்லை. வண்டிதான், கஞ்சிதான், துணிதான். எனக்குள் அப்படி ஒரு வேகம்! கோமளவல்லி ஒரு நாள் வந்து நின்றாள். மட்காடைத் தட்டிப் பார்த்தாள். டங், டங்.

"அடேங்கப்பா! இரும்பாட்டம் இருக்குதே!"

"ஆட்டம் இன்னா? இரும்புதான்."

"எப்பிடிங்க?"

"அது தொழில் ரகசியம்."

"நம்ம தறிக்கொட்டாய்ல கஞ்சி கூட ரெண்டு நாளா சீக்கிரம் தீந்துபோவுது…"

"எலி."

"ஆங், எலிதான். நாளையிலேர்ந்து இன்னும் கொஞ்சம் கெட்டியா காய்ச்சறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காய்ச்சினாள் பாருங்கள், அப்படி ஒரு கஞ்சி! வாசனையே தனி. ஒட்டினால் பிய்க்க முடியாது. இந்தக் கஞ்சியை இத்தனை வருஷம் ஏன் எனக்குக் காட்டவில்லை என்று கேட்க நினைத்தேன். ரகசியம் வெளியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டம். அடிவாரத்தில் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே வண்டியை வில்சன் கொண்டுவந்து நிறுத்தினான். ஆரன் நான். வண்டியைப் பார்க்க வேண்டுமே! பச்சைப் பசேலென்று, நெற்றியில் சந்தனம், மூக்கில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மொட்டை அடிக்க வந்தவர்கள் பாதி மொட்டையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த நிமிஷம் எனக்குச் சொந்தமாக ஒரு ரயிலே இருந்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

கூட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளும் இருந்தாள். கையில் கயிறு, கயிற்றில் அவளுடைய கறுப்பு வெள்ளாடு.

"ஆட்டை எதுக்கு ஓட்டிகினு வந்தே?"

"நேத்திக்கடன் இல்லப்பா, பயப்படாதே. வீட்டுல தனியா உட்டா கத்துது. உன் பொண்டாட்டிதான் கூட்டிகினு வான்னா" என்றாள் கெங்கம்மாள்.

பூசாரி கற்பூரம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தோம். நான் ஃபுட்போர்டில் ஏறவில்லை, அது தாங்காது. பக்கத்தில் கிடந்த ஒரு கல்லின் மேல் ஏறினேன். கையை உயர்த்தினேன்.

"எல்லாரும் பாருங்க! இருபத்தேழு வருஷத்து வண்டி! ஒரு ஓட்டை, ஒரே ஒரு ஓட்டை யாராவது காட்டுங்க பாக்கலாம்!"

யாருக்கும் அகப்படவில்லை. கோமளவல்லி கூடச் சுண்டுவிரலை நீட்டவில்லை. ஜெயித்துவிட்டேன்! மெட்ராஸ் தெரிந்தது. திருப்பதி தெரிந்தது. பரசுராமன் ரோட்டோரமாக நின்று என் வண்டிக்குச் சலாம் போடுவது கூடத் தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கறக், முறக். கறக், முறக்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். கெங்கம்மாள் கையில் கயிறு இருக்கிறது. கயிறு வண்டிக்கு அடியில் போகிறது. ஆட்டைக் காணோம். கறக், முறக். என் கண் முன்னால் இடது பக்க மட்காடு லேசாக உப்பியது. பெயிண்டு விரிந்தது. அதில் வைத்திருந்த குங்குமப் பொட்டு இரண்டாகப் பிளந்தது. நடுவில் இரண்டு கொம்பு வந்தது. அதற்குப் பின்னால் முழுத் தலை வந்தது. நெற்றியில் பச்சைப் பெயிண்டு, வாயில் மூன்று முழம் ஆஸ்பத்திரித் துணி. என்னைப் பார்த்தது. மென்றுகொண்டே "மே" என்றது.

காவடி தூக்கி வந்தவர் ஒருவர் சிரித்த சிரிப்பில் காவடியே ஆடியது. பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் ஆட்டின் தலையை உள்ளே தள்ளப் பார்த்தேன். அது மட்காடை மாலையாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வந்ததோடு சும்மா இருந்ததா? நேராகக் கதவுக்குப் போயிற்று.

கோமளவல்லி பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சுண்டுவிரல் போற அளவு ஓட்டை இருக்குமோன்னுதான் நெனச்சேங்க. ஆட்டுத் தலையே போவுது. வண்டி என் இஷ்டம்தானே?"

"இஷ்டம்" என்றேன். சாமி சன்னிதியில் வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்தோம். வாசலில் பரசுராமன்! கூடவே இரண்டு பேர், செயின் கப்பி, ஒரு மூட்டை ஸ்பேனர். "இன்னா பாவா, சௌக்கியமா?" என்றான்.

"வாடா, வா! பழைய இரும்புக்கு எடை போட வந்தியா? போடு! எடுத்துகினு போ!" என்று கத்தினேன்.

"இரும்புக்கா? அக்கா பத்து நாளைக்கு முன்னாடியே கடுதாசி போட்டுச்சு, கிருத்திகை அன்னிக்கு இஞ்சின் எறக்கணும், கப்பி எடுத்துகினு வான்னு."

பத்து நாளைக்கு முன்னாலா? ஆடு மென்றது இன்று காலையில்தானே!

ஒரு மணி நேரத்தில் இஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். பின்கட்டில் துணி துவைக்க என்று சொல்லிப் போன வாரம் ஒரு சிமெண்டு மேடை கட்டியிருந்தாள். அதன்மேல் உட்கார வைத்தார்கள். நாலு ஆணியும் சரியாகப் பொருந்தியது. இஞ்சினிலிருந்து தறித் தண்டுக்கு ஒரு பெல்டு போட்டான் பரசுராமன். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். மணி இரண்டு. ஊரில் கரண்டு போயிற்று. எங்கள் வீட்டில் இரண்டு தறியும் தடதடவென்று ஓடின. என்ன சத்தம்! என்ன ஓட்டம்! வயிறு எரிந்தாலும், நம்ம இஞ்சின் இப்படி ஓடுகிறதே என்று மயிர்க்கூச்செறிந்தது என்னவோ நிஜம்.

"உக்காருங்க, நூல் அறுந்துச்சுன்னா பாக்கணும். ஆறு மணி வரைக்கும் ஓடும்" என்று கோமளவல்லி முக்காலியை நகர்த்திப் போட்டாள். என் நாலு மணி நேரமும் போயிற்று. உட்கார்ந்தேன்.

"கோமளம், ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கஞ்சியில இன்னா போட்டே?"

"கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. எலிக்குப் பிடிக்கும்னுதான் போட்டேன். ஆட்டுக்கும் பிடிச்சுப்போச்சு."

"இஞ்சின் வேணும்னா நேரா கேக்கறதுக்கு இன்னா?"

"ரெண்டு வருஷமா கேட்டேனே! ‘வீட்டுல இஞ்சின் வெச்சா மனுஷன் எப்ப மூச்சு விடறது’ன்னீங்க. வேணாம்னு சொன்னேன், அன்னிக்கே போய் வாங்கியாந்தீங்க."

நான் விடவில்லை. கடைசியாக ஒரு பிடி இருந்தது. இதிலாவது அவள் மாட்டுவாள்!

"சரி, ஆயிரந்தான் இருக்கட்டும். வண்டி பூரா துரு. உள்ள இஞ்சின் நல்லா இருக்குதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? வில்சன் தங்கம்னான், நீயும் நம்பிட்டே. அதுவும் துருவா இருந்திருந்தா? இன்னா பண்ணியிருப்பே? சொல்லு, சொல்லு!"

கோமளவல்லி தறி நாடாக் கட்டையில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை போல இருந்தது.

"மூணு மாசமா புதன்கிழமை புதன்கிழமை துணி குடுக்க மிஷனுக்குப் போறேனே, வில்சன் அண்ணன் ஓட்டக் கத்துக் குடுத்தாரு. அவரு சம்சாரம் லோயிஸக்காவும் கூட வந்து பக்கத்துல உக்காந்துப்பாங்க. கே.ஜி.கண்டிகை வரைக்கும் நானே நாலு வாட்டி ஓட்டினு போய் வந்தேன். ஏங்க, ஓட்டிப் பாக்காம யாராவது வண்டி வாங்குவாங்களா?"